ஆவாரம்பூவுக்கு வட்டம் விழுந்த கதை

என் மாமனாருக்குச் சர்க்கரை. காலையில் காபிக்குப் பதில் ஆவாரம்பூ கொதித்த தண்ணீர்தான். ஆவடி தொழிற்சாலையில் உதிரி பாகங்களைச் சோதித்து முத்திரை குத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிக்காரர். நான் பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. ஆவாரம்பூச் சாறு கிருமிகளைக் கொல்லுமா என்பது என் தலைப்பு. தேர்ந்தெடுத்தது நான்தான் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன்.

பூ சப்ளையும் அவரே. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் ஸ்கூட்டரில் போய்ப் பறித்து வந்து, மாடியில் நிழலில் உலர்த்தி, கவரில் போட்டுத் தருவார்.

சோதனை எளிது. தட்டில் கிருமியைப் பரப்பி, சிறு குழி போட்டு அதில் சாற்றை ஊற்றி, இன்குபேட்டரில் இளஞ்சூட்டில் வைக்க வேண்டும். சாறு வேலை செய்தால் குழியைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டம் விழும். எனக்கு விழுந்தது.

லேபில் தட்டு கழுவும் அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், இம்மாம் பெரிய வட்டம் கீது!"

எங்கள் பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "புதுப் பூவில் இன்னொரு முறை செய். அதிலும் வந்தால் வைரஸ் சோதனைக்கு வெளி லேபுக்கு அனுப்பலாம்" என்றார்.

வைரஸ்! மாமனாரிடம் சொன்னதுதான் தாமதம், அவர் முன்பு இருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. டெங்குவுக்கே மருந்து வந்துவிட்டதைப் போல அவருடைய நண்பர்கள் எனக்கு வணக்கம் வைத்தார்கள்.

அந்த வாரம் பார்த்து அவர் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக ஊருக்குப் போய்விட்டார். நானே நசரத்பேட்டையைத் தாண்டி ஒரு காலி மனையில் பறித்து, உலர்த்தி, சாறெடுத்தேன். வட்டம் இல்லை. தட்டு முழுக்கக் கிருமி ஜம்மென்று வளர்ந்திருந்தது. இன்குபேட்டரைத் திட்டினேன், கரண்ட்டைத் திட்டினேன், அந்த மனையின் மண்ணைக்கூட விடவில்லை.

ஊரிலிருந்து திரும்பியதும் அவர் மறுபடி பூவுக்குப் போனார். நான் மாடிக்குப் போய்ப் பார்த்தால், பறித்த பூவெல்லாம் ஒரு பேசின் தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீர் மஞ்சள்.

"என்ன மாமா இது?"

"மஞ்சத் தண்ணிம்மா. ராத்திரி பூரா ஊறணும். லேபுக்குப் போற பூவ அழுக்கோடயா கொடுக்க?"

கொரோனா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குள் வரும் கீரை, திராட்சை எல்லாவற்றுக்கும் அந்தக் குளியல் உண்டு. பூவுக்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பூவும் மஞ்சள், சாறும் மஞ்சள், யாருக்குத் தெரியும்? அவருடைய மஞ்சள் தூளை மட்டும் எடுத்துப்போய்ச் சோதித்தேன். அதே வட்டம்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? ஓய்வு பெற்றபின் அவர் இவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்ததில்லை. மென்று விழுங்கி, ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப வட்டம் பூவோடது இல்ல."

"இல்ல மாமா."

டம்ளரை மறுபடி எடுத்தார். "அப்ப ரிஜெக்ட்டுன்னு சொல்லிரு. தப்பான சாமான பாஸ் பண்ணி வெளிய அனுப்பக் கூடாது. ஆனா ஒரே தடவ பாத்துட்டுத் தள்ளவும் கூடாது, கேட்டியா?"

பேராசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். முதன்முறையாக விழுந்து விழுந்து சிரித்தார். வெளி லேப் இப்போதைக்கு இல்லை என்றார். மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னார்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் ஒரு கவர் இருந்தது. உள்ளே தூசியும் எறும்புமாக ஆவாரம்பூ. கவரின் மேல் தொழிற்சாலைக் கையெழுத்தில், கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: 'கழுவாதது.' கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"எறும்பு ஒண்ணும் பண்ணாதுல்லா?" என்றார், பூத்தண்ணீரை ஊதிக் குடித்தபடி.