கயிறு பிடிக்க ஆளில்லாத உயரம்

கண்ணுகளா, அந்தக் கம்பிக்கதவைச் சாத்தியதும் என் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. கயிற்று முடிச்சைத் தேடியது. அன்றைக்கு நான் போட்டிருந்தது இரவல் கால்சட்டை, அங்கே ஒரு முடிச்சும் இல்லை. பாரீசு பட்டணத்து இரும்புக் கோபுரத்தில், ஆட்களை மேலே ஏற்றிப்போகும் பெட்டிக்குள் நின்றுகொண்டிருந்தேன். பாடப்புத்தகத்தில் அதன் படத்தைக் காட்டி, "இதையாப்பா நீங்க பாத்தீங்க?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "ஆமா சாமி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். பார்த்ததை மறைக்கவில்லை. ஏறியதைத்தான் சொல்லவில்லை. அதை இப்போது எழுதிவிடுகிறேன்.

நம் மலைக்கு பஸ் ரோடு வராத காலம் அது. செடி ஆராய்ச்சி செய்யும் வயதான பிரெஞ்சுக்காரர் ஒருவர் மலைமேல் நம் பைல் நாட்டு ஊர்ப்பக்கம் வந்து இரண்டு வருஷம் தங்கினார். ஊரில் அவருக்குச் செடித்துரை என்று பேர். மரத்தில் ஏறி இலையும் பூவும் பறித்துத் தருவதும், காகிதத்துக்குள் வைத்து அழுத்தி உலர்த்துவதும் என் வேலை. எந்த இலை எந்தச் சரிவில் எந்த மரத்தில் பறித்தது என்பது எனக்குத்தான் நினைவிருந்தது. அதனால் அந்தக் கட்டுகளைப் பிரித்து அடுக்குவதற்காக என்னையும் கப்பலில் கூட்டிப்போனார். ஐந்தாம் வகுப்பு படித்தவனுக்கு அது பெரிய காரியம். நான் புறப்படும்போது உங்கள் அம்மாவுக்கு மூன்று மாதம்.

நான் தேன் எடுக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். பாறையில் இறங்கும்போது மேலே கயிற்றைப் பிடிக்கிறவர் மனைவியின் உடன்பிறந்தவராகத்தான் இருக்கவேண்டும். கூடப்பிறந்தவளின் தாலியை யாரும் கைநழுவ விடமாட்டார்கள் என்ற கணக்கு. எனக்குக் கயிறு பிடித்தவர் உங்கள் பெரிய மாமன். இன்னொரு முறையும் உண்டு. மனைவி பிள்ளை சுமக்கும்போது புருஷன் பாறையில் இறங்கக்கூடாது, உயரத்தில் ஏறக்கூடாது. முதல் பிள்ளை உங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோது நான் அதை மீறினேன். அந்த வருஷம் சாமை விளையவில்லை. தேனாவது எடுக்கலாம் என்று மாமனையும் வற்புறுத்தி இழுத்துப்போனேன். பிள்ளை பிறந்த அன்று நான் புளியஞ்சோலைப் பக்கம் போயிருந்தேன். மாமன் தேடிவந்து, "ஒண்ணுமில்லீங்க மாப்ளே, சும்மா வாங்க" என்றார். ஊடு வந்து பார்த்தேன். பிள்ளைக்கு மூச்சு இல்லை. யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

அதனால்தான் கப்பலுக்குப் புறப்பட்ட அன்று சேந்தமங்கலம் வரை கூடவே நடந்து வந்த மாமன், பஸ் கிளம்புகிற நேரத்தில் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அங்க போயி மரம் மட்டைன்னு எதுலயும் ஏறிப்புடாதீங்க மாப்ளே. உங்களுக்கு ஒசரத்தப் பாத்தா காலு சும்மா இருக்காது."

ஏறமாட்டேன் என்று தலையாட்டினேன்.

பாரீசில் வேலை எனக்குப் பிடித்திருந்தது. துரையிடம் கணக்கராக இருந்த புதுச்சேரிக்காரர் ஒருவர் எங்கள் இருவருக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபுரத்துக்குப் போகலாம் என்றார் துரை. வயிற்றுவலி என்று சொல்லித் தப்பினேன். அடுத்த ஞாயிறு கால்வலி என்றேன். மூன்றாவது ஞாயிறு டிக்கெட்டையே வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். புதுச்சேரிக்காரர் சிரித்தார். "இன்னாப்பா, மலையில பொறந்த ஆளு, கம்பியப் பாத்துப் பயந்துக்கிறியே!" துரை சிரிக்கவில்லை. அவர் சொன்னதைப் புதுச்சேரிக்காரர் மாற்றிச் சொன்னார்: "உன் மலையில நான் நடக்க முடியாத எடத்துக்கெல்லாம் நீ என்னைத் தூக்கிட்டுப் போனியாம். அவருகிட்ட உனக்குக் காட்ட இந்த ஒரு ஒசரந்தான் இருக்குதாம்."

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபோது வாய் வரவில்லை. உங்கள் அம்மாவுக்கு அப்போது எட்டு மாதம். இது மரமில்லை, பாறையில்லை, ஏறுவது பெட்டிதானே ஒழிய நானில்லை என்று எனக்கு நானே வக்கீலாகிப் பேசிக்கொண்டேன்.

பெட்டி ஏறத் தொடங்கியதும் அந்த வக்கீல் ஓடிவிட்டான். இரும்புச் சட்டங்கள் கண்ணுக்கு முன்னால் கீழே கீழே போயின. பெட்டியை ஓட்டுகிறவர் தொப்பி போட்டுக்கொண்டு, மேலேயும் பார்க்காமல் கீழேயும் பார்க்காமல் சும்மா நின்றார். புதுச்சேரிக்காரரின் காதில், "இந்தக் கயித்த மேல யாருங்க புடிச்சிருக்கறாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லப்பா. மெசின்."

"மெசினுக்கு யாருங்க பொறுப்பு?"

"அதோ, அந்தத் தொப்பிக்காரருதான். உனக்கு இன்னா, அவரு உம் மச்சானா இருக்கணுமா?"

"ஆமாங்க" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

உச்சியில் துரை கையை நீட்டி நீட்டி ஆறு, பாலம், கோயில் என்று காட்டினார். எதுவும் என் மனதில் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் அம்மாவின் வயிறு ஒன்றுதான். இறங்கும் பெட்டிக்குள் வந்ததும் பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்து இரண்டு முறை வெடுக்கென்று இழுத்தேன். தேன்பாறையில், போதும், தூக்கிவிடு என்று மாமனுக்குக் காட்டும் குறி அது. தொப்பிக்காரர் என்னை முறைத்தார்.

அதற்குப் பிறகு தபால்காரர் வரும் வழியைப் பார்ப்பதே என் பிழைப்பாயிற்று. ஒரு கடிதம் வந்தது. மாமன் சொல்ல, பள்ளிக்கூட வாத்தியார் எழுதியது. "தங்கைக்குக் கால் வீங்கியிருக்கிறது. தூளி கட்டி சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறோம்." நான் முதலில் பார்த்தது தபால் முத்திரையை. நான் கோபுரம் ஏறி இரண்டு நாள் கழித்துக் குத்தியது. அடுத்த கடிதம் வரும் வரை அந்த முத்திரையை எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரே சரிவில் பறித்த இலைகளை வேறு வேறு கட்டில் வைத்தேன். துரை ஒன்றும் கேட்காமல் பின்னாலேயே வந்து அவற்றை மாற்றி வைத்தார்.

பிறகு வந்தது: "பெண் குழந்தை. இருவரும் சுகம்." பெரியவளே, அது நீ. ஆனால் உன் மாமன், ஒண்ணுமில்லீங்க, சும்மா வாங்க என்று சொல்லத் தெரிந்தவர். நான் எப்படி நம்புவேன்? கப்பலில் வந்த நாளெல்லாம் அந்தக் கடிதத்தை மடித்து மடித்துக் கிழித்தே விட்டேன்.

சேந்தமங்கலத்தில் அவர் காத்திருந்தார். சிரித்த முகம். அதையும் நான் நம்பவில்லை. மலைப்பாதையில் பாதி தூரம் ஏறியதும் நின்று, "ஏறிட்டனுங்க மச்சான்" என்றேன். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"எத்தன ஒசரம்?"

"நம்ம தேன்பாறைய அஞ்சாறு அடுக்கி வெச்சாப்பல."

"கயிறு?"

"மெசினுங்க."

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "தங்கச்சிகிட்டச் சொல்லீராதீங்க மாப்ளே. புள்ளைக்கு ஒரு சளி புடிச்சாக்கூட அதையேதான் நெனச்சிக்கிட்டிருப்பா." என் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். உங்கள் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இதை நீங்கள் படித்துக் காட்டவேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஊட்டில் ஒரே கூட்டம். துணியில் சுற்றிய உன் முகத்தை மட்டும் காட்டினார்கள். கூட்டம் கலைந்து, உன் அம்மா தண்ணீருக்குப் போனபின், கதவைச் சாத்திவிட்டு உன்னை மடியில் போட்டுத் துணியைப் பிரித்தேன். முதுகைப் பார்த்தேன். இரண்டு காதையும் மடித்துப் பார்த்தேன். கைவிரல், கால்விரல் எல்லாம் எண்ணினேன். இருபது இருந்தன. துணியைச் சுற்றி வைத்தேன். பிறகு மறுபடியும் பிரித்து, சுண்டுவிரலிலிருந்து எண்ணினேன்.