சுடாத சிப்

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த வருடங்களில் நான் நல்லூரில் ஒரு கணினி அச்சமைப்புக் கடையில் வேலை செய்தேன். பரீட்சைத் தாள்கள், கோயில் நோட்டீஸ்கள், செத்தவர்களுக்கான நினைவு மலர்கள் எல்லாம் அங்கேதான் தயாராகும். இருந்தது ஒரேயொரு கணினி. கோப்பாயிலிருந்து சைக்கிளில் வருகிற நானும், பண்டத்தரிப்பிலிருந்து வந்து பக்கத்துத் தெருவில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்த என் சிநேகிதியும் அதை மாறி மாறி ஓட்டினோம்.

ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் ஓடியது. ஒரு பக்கம் திரையில் ஒழுங்காக விழுவதற்குள் அது ஊற்றிய எண்ணெயைக் குடித்துத் தீர்த்துவிடும். எங்கள் சிப் முப்பத்துமூன்று மெகாஹேர்ட்ஸில் ஓடுவது. உள்பலகையில் சில பின்களை மாற்றிப் போட்டால் அதை நாற்பதில் ஓட்டலாம் என்று ஏதோ சஞ்சிகையில் வாசித்துவிட்டு வந்தவள் அவள்தான்.

"நாப்பதிலை விட்டால் எண்ணெய் மிச்சமடி."

"உது கருகிப்போனால்? இன்னொண்டு கொழும்பிலை இருந்து ஆர் கொண்டு வாறது?"

"கருகாமல் பாக்கத்தானே நீ இருக்கிறாய்."

முதலாளி எண்ணெயை நினைத்துத் தலையாட்டினார். நாற்பதில் ஓடியது, ஆனால் மத்தியானம் ஆனதும் திரை அப்படியே உறைந்து நின்றது. சிப்பில் விரல் வைத்தேன், சுட்டுவிட்டது. எவ்வளவு சூடு என்று பார்க்க, காய்ச்சல் பார்க்கிற தேர்மோமீற்றரை அதன்மேல் வைத்தோம். அது வெடித்துவிட்டது. இரண்டு பேரும் நிலத்தில் இருந்து சிரித்தோம்.

அதன் பிறகு சூட்டைக் குறைப்பது என் வேலையானது. றேடியோக் கடையொன்றில் உடைந்த அம்பிளிபயரிலிருந்து கழற்றிய அலுமினியத் தகட்டை வாங்கி, சிப்பின் அளவுக்கு அரிந்தேன். சூட்டைத் தகட்டுக்குக் கடத்த இடையில் பூசும் வெள்ளைப் பசையும் அதே கடையில் கிடைத்தது. பழுதான மின்பெட்டியின் சிறு ஃபானைத் தகட்டின்மேல் கம்பியால் கட்டினேன். பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி, புழுதி வராமல் மெல்லிய துணி கட்டினேன். சூடு குறைந்தது. ஆனாலும் உச்சி வெயிலில் தகட்டைத் தொட்டால் கையை எடுக்கத்தான் வேண்டியிருந்தது.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒருநாள் மத்தியானம் தகட்டைத் தொட்டேன். சுடவில்லை. எனக்கு நம்ப முடியவில்லை.

"இஞ்சை வந்து கையை வைச்சுப் பார்."

அவள் வைத்துப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "நான் சொன்னனான் தானே. உன்ரை வேலைதான்."

அன்று நான் பட்ட சந்தோசம் கொஞ்சமல்ல. பக்கங்கள் மெதுவாக விழுவது போலிருந்தது. கேட்டபோது, "புது எழுத்துருக்கள், பாரம் கூட" என்றாள். பெட்டியின் முகப்பில் பச்சையாக நாற்பது என்று எரிந்துகொண்டிருந்தது. அந்த எண் வேகத்தை அளந்து காட்டுவதல்ல, நாங்களே பின் வைத்து எரியவிட்ட எண். அது எனக்கும் தெரியும். ஆனாலும் நம்பினேன்.

சில நாட்களில் அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொல்லி அவள் ஊருக்குப் போனாள். திரும்பி வரவில்லை. பசையைப் புதுப்பிக்கலாமென்று நான் தகட்டைத் தூக்கினேன். சிப்பில் வேறு எழுத்துகள். இருபத்தைந்தில் ஓடுகிற மட்டமான சிப். பலகையின் பின்களும் அதற்கேற்ப இறக்கப்பட்டிருந்தன. அது எப்படிச் சுடும்?

சைக்கிளில் பண்டத்தரிப்புக்குப் போனேன். அவளுடைய அம்மா வாசலிலேயே சுகமாக நின்றா. "அவள் புதுக் கடையிலை" என்று வழி காட்டினா. அங்கே அவள் கணினியின் முன்னால் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள்.

"எப்ப மாத்தினனி?"

"நீ தேருக்குப் போன அண்டைக்கு." குரல் தாழ்ந்திருந்தது. "சிப்போடை வந்தால்தான் வேலை எண்டு இவை சொல்லிப்போட்டினம். உங்கடை பெட்டிக்குள்ளை கிடக்கிறது இவையின்ரை பழைய சிப்."

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டால் விட்டிருப்பியே?"

"அதைவிடு. சுடேல்லை எண்டு நான் துள்ளேக்கை என்ரை கையைப் பிடிச்சனியே, அது என்னத்துக்கு?"

அவள் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு, "இஞ்சையும் மத்தியானத்திலை நிண்டு நிண்டு போகுது. அந்தத் தகடும் பசையும் எந்தக் கடையிலை வாங்கினனி?" என்று கேட்டாள்.

உண்மையாகவே கேட்டாள். நான் சொல்வேன் என்றே நினைத்திருக்கிறாள். என்னை அறியாமல் என் விரல் திறந்திருந்த பெட்டிக்குள் போனது. தகடில்லாத வெறும் சிப், கொதித்தது. "முப்பத்துமூண்டுக்கு இறக்கி விடு" என்றேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை. வெளியே வந்து சைக்கிளைத் திருப்பினேன். வழியெல்லாம் அழுகை வந்தது.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "ரெண்டு பேரும் சேந்துதானே மூடியைக் கழட்டினியள்" என்றார். மறுநாள் நான் போனபோது பக்க மூடி பூட்டப்பட்டு, யார் திறந்தாலும் தெரியும்படி திருகாணிகளின்மேல் சிவப்பு அரக்கு உருக்கி ஊற்றியிருந்தது. என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அந்த மெதுவான கணினியில் கடை மூடும்வரை நான் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தேன். அரக்கைக் காணும்போதெல்லாம் எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது, முதலாளிமேல் வரவில்லை.