பெயர் கேட்டுக்கொண்டே இருந்த புது நர்ஸ்

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து, என் கணவர் கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தார். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த கரியாலூர்ப் பெண் மேல் எனக்கு நம்பிக்கையே வரவில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் நோயாளியின் பெயரைக் கேட்பாள், சீட்டைப் பார்ப்பாள், மறுபடியும் கேட்பாள். ஒழுங்காகப் படித்துத்தான் வந்தாளா என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பெரிய நர்ஸிடம் புகாரும் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, பக்கத்துக் கட்டில்காரர் ஃபேன் காற்று குளிருகிறது என்றார். என் கணவருக்கோ புழுக்கம். யாரிடமும் சொல்லாமல் இருவரையும் கட்டில் மாற்றிப் படுக்கவைத்தேன். சற்று நேரத்தில் அந்தப் பெண் ஊசியோடு வந்தாள்.

"ஐயா பேரு இன்னாங்க?"

"இன்னாத்துக்கு தெனம் இதே கேள்வி? போட்டுட்டுப் போம்மா" என்று எரிந்து விழுந்தேன்.

"திட்டுனாலும் பரவால்லீங்க. பேர் சொன்னாத்தான் போடுவேன்."

"முருகேசன்" என்றேன் வெடுக்கென்று.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அது பக்கத்துக் கட்டில்காரருக்கான சர்க்கரை ஊசி. என் கணவருக்குச் சர்க்கரையே கிடையாது.

அதே பெரிய நர்ஸிடம் போய், அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே, தப்பு என்னுடையது என்று சொன்னேன். சந்தேகப்படும் குணம் மட்டும் எனக்குப் போகவில்லை. இப்போது பெயர் கேட்காமல் ஊசியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைத்தான் சந்தேகப்படுகிறேன்.

- ஒரு வாசகி, களமருதூர்