பால்கனியில் குளிர்காலம் கழித்த பேட்டரி

சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் வைத்துக்கொள்ளும் துணிச்சல் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது என் நண்பருடையது. தில்லி லோதி ரோடு அலுவலகத்தில் இருவரும் ஒரே மாடியில் வேலை பார்த்தோம். சைக்கிளில் வந்து சைக்கிளில் திரும்பினோம். ஓய்வு பெற்றதும் மற்ற அதிகாரிகள் காசிக்குப் போனார்கள், முழங்கால் மாற்றிக்கொண்டார்கள். மனைவியை இழந்திருந்த இவர், இரண்டே இருக்கையும் மடக்கிவிடக்கூடிய கூரையும் உள்ள பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கி வந்தார். எங்கள் அடுக்ககத்துத் தமிழ்க் குடும்பங்கள் அந்தக் காரைப் பற்றித் துக்கம் விசாரிக்கிற குரலில்தான் பேசின.

அவர் நுரையீரல் சரியில்லை. தீபாவளி முடிந்து தில்லியில் புகை இறங்கத் தொடங்கியதும், கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள். மார்ச்சில் திரும்பிவிடுவார். போன வருஷம் அவள் வேறு மாதிரி பேச ஆரம்பித்திருந்தாள். அப்பா இனி தில்லிக்கே வர வேண்டாம், வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம், காரை விற்றுவிடலாம் என்றாள். கிளம்புகிற அன்று அவர் கார் சாவியை என் கையில் வைத்தார். அவருக்குத் திருநெல்வேலிப் பேச்சு இன்னும் போகவில்லை.

"பேட்டரி செத்துதுன்னா இதையே சாக்கா வச்சு அவ வண்டியை வித்துருவா. வண்டி போச்சுன்னா நான் இங்கன திரும்பி வர்றதுக்கு ஒரு காரணமும் இல்ல. பாத்துக்கிடும்."

பார்த்துக்கொள்வது எனக்குத் தெரிந்த வேலை. நிற்கிற வண்டியிலும் கடிகாரமும் அலாரமும் சொட்டுச் சொட்டாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். சில வாரங்களில் பேட்டரி காலியாகும். காலியாகவே கிடந்தால் உள்ளே தகடுகளில் உப்புப் படிந்து, பிறகு எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. ஓட்டிச் சரிக்கட்டவும் வழியில்லை. தில்லியில் காற்று ஒரு அளவுக்கு மேல் கெட்டுப்போனால் அந்த வயதுக் கார்கள் ரோட்டில் இறங்கக் கூடாது. காற்றைக் கெடுக்கும் மற்றவை எல்லாம் வழக்கம்போல் இயங்கும். இந்தக் கார் மட்டும் நாட்டு நலனுக்காக அடுக்ககத்து நிலவறைப் பார்க்கிங்கில் நிற்க வேண்டும்.

அடுக்ககத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எல்லாம் ஒரே யோசனைதான்: தினம் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்கள். ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரத்தை ஐந்து நிமிஷ ஓட்டம் திருப்பித் தராது. பட்டினி கிடப்பவனுக்கு ஒரு அப்பளத்தைக் கொடுத்து அனுப்புகிற மாதிரிதான் அது. சரியான வழி, நிறைந்ததும் தானே நிறுத்திக்கொண்டு, குறைந்தால் மறுபடி துளித்துளியாக ஏற்றுகிற சார்ஜர். கரோல் பாக்கில் அலைந்து ஒன்று வாங்கினேன். ஆனால் நிலவறையில் ப்ளக் இல்லை. சங்கச் செயலாளரிடம் எழுத்து மூலமாகவே அனுமதி கேட்டேன். அவர் படித்துவிட்டு "தேக்கேங்கே" என்றார். பார்க்கலாம் என்று பொருள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் என் பணிக்காலம் முழுவதையும் ஓட்டியிருக்கிறேன். அவர் பார்க்கப் போவதில்லை என்று புரிந்துகொண்டேன்.

எனவே காரின் பின்மூடியைத் திறந்து, அங்கே இருக்கும் பேட்டரியைக் கழற்றினேன். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் காரின் உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். மனைவி காய்கறி வாங்கக் கொண்டுபோகும் சக்கரப் பையில் அதை உட்கார வைத்து லிஃப்டில் ஏற்றினேன். சார்ஜ் ஏறும்போது வாயு வரும், மூடிய அறையில் வைக்கக் கூடாது. பால்கனியில், கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில், மரப்பலகை போட்டு வைத்தேன். பால்கனியில் இருப்பது ஒரே ப்ளக். குளிர்காலத்தில் அதிலிருந்துதான் மனைவியின் ஹீட்டருக்கு ஒயர் போகும்.

"என் முட்டிக்கு இல்லாத சூடு அவர் வண்டிக்கா?" என்றாள்.

அதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கத் தொடங்கினேன். "குல்லா ஒண்ணு இருக்கு, வேணா போட்டு விடுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு சார்ஜரைக் கழற்றி வைப்பேன். பேட்டரி சற்று ஆறட்டும் என்று இரண்டு பேப்பர்களையும் படித்துவிட்டு மீட்டரை வைத்துப் பார்ப்பேன். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஆரோக்கியம். எங்களுடையது பன்னிரண்டே முக்காலை ஒட்டியே நின்றது. அதைப் படத்துடன் வாட்ஸப்பில் நண்பருக்கு அனுப்புவேன். பிரதி அவர் மகளுக்கு. ஒரு தகவலை ஒரே ஒருவருக்கு அனுப்புவது என் கைக்கு வராத காரியம். சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் பிரதி போக வேண்டும். பணியில் இருந்தவரை எந்த விசாரணையிலும் என்னைக் காப்பாற்றியது அந்தப் பழக்கம்தான். மகள் தில்லியில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் படிக்க வராது. அதனால் நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன்: டயர் காற்று, தரையில் எண்ணெய்க் கசிவு இல்லாமை, கூரைத் துணியின் நிலை எல்லாவற்றையும் சேர்த்து. அவளிடமிருந்து கட்டைவிரல் வரும். அவரிடமிருந்து குரல் வரும், நடுநடுவே இருமலோடு. ஒரு முறை சொன்னார்: "அதுக்கு வாரம் தவறாம வோல்ட் பாக்கீரு. நான் எப்படி இருக்கேன்னு மீட்டர் வச்சுச் சொல்ல ஒருத்தனும் இல்ல வே."

பிப்ரவரி கடைசியில் காற்று தெளிந்தது. எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டிகள் மறுபடி கண்ணுக்குத் தெரிந்தன. பேட்டரியைக் கீழே கொண்டுபோகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த வாரம் மகள் போன் செய்தாள்.

"அங்கிள், வண்டிக்கு ஆள் கிடைச்சாச்சு. ஜெய்ப்பூர்லேர்ந்து ஞாயித்துக்கிழமை வரார். உங்க மெசேஜ் எல்லாத்தையும் அப்படியே ஃபார்வர்ட் பண்ணினேன். இவ்வளவு பார்த்துக்கிட்ட வண்டிக்கு மெக்கானிக்கே வேண்டாம்னுட்டார்."

அப்பா மார்ச்சில் வருகிறாரே என்றேன்.

"பாத்ரூம் வரைக்கும் நடந்தாலே அப்பாவுக்கு மூச்சு வாங்கறது, அங்கிள். உங்களுக்கு வர்றது அவர் வாய்ஸ் மெசேஜ். நான் பக்கத்துல இருந்து பார்க்கறேன். அச்சா, நீங்களே சொல்லுங்க, அவர் அங்க வந்தா ராத்திரி யார் இருப்பா?"

ஆட்சேபம் தெரிவிப்பதென்றால் அதற்கு ஆதாரம் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு கிழவரின் விருப்பம் மட்டும். அதை எந்த விதியின் கீழ் பதிவு செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உடனே நண்பரை அழைத்தேன். வண்டி உம்ம பேரில் இருக்கிறது, நீர் கையெழுத்துப் போடாமல் சட்டப்படி யாரும் அதை வாங்க முடியாது என்று தொடங்கி, எந்தெந்தப் படிவத்தில் எந்தெந்த இடத்தில் விற்பனையை நிறுத்தி வைக்கலாம் என்று வரிசையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"போட்டுட்டேன் வே," என்றார்.

"எப்போ?"

"அவ அழுதா. போட்டுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை பேட்டரியைச் சக்கரப் பையில் கீழே கொண்டுபோனேன். நெகட்டிவ் முனையைக் கொஞ்சம் தளர்வாக விட்டால் வண்டி கிளம்பாது. அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் வருபவர் பின்மூடியைத் திறந்து பார்த்துக் கையாலேயே இறுக்கிவிடுவார், அதிகபட்சம் பத்து நிமிஷம் லாபம். பத்து நிமிஷத்தை வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் இருப்பவருக்கு நான் என்ன செய்துவிட முடியும்? முறைப்படி மாட்டினேன். முதலில் பாசிட்டிவ், பிறகு நெகட்டிவ். முனைகளில் வாஸலின் தடவினேன்.

வந்தவர் மரியாதையான இளைஞர், என்னை அங்கிள்ஜி என்று கூப்பிட்டார். சாவியைத் திருப்பினார். நான்கு மாதம் அசையாமல் கிடந்த வண்டி தொட்டவுடன் பிடித்தது. நிலவறை அதிர்ந்தது. காவலாளி எட்டிப்பார்த்துச் சிரித்தார். இளைஞர் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே நான் அவரிடம் சார்ஜரின் வகை, மீட்டர் பார்க்குமுன் காத்திருக்க வேண்டிய நேரம், எந்த முனை முதலில் என்று எல்லாவற்றையும் ஹிந்தியில் விளக்கினேன். என்னால் நிறுத்த முடியவில்லை. சார்ஜரையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டுக் கூரையை மடக்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் நண்பருக்குப் போன் செய்தேன். விலை என்ன, யார் வாங்கினது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"ஒரே தடவையில பிடிச்சுதா?"

"பிடிச்சுது."

"நல்லாப் பாத்திருக்கீரு." இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன். "அங்க இப்போ காத்து எப்படி இருக்கு?"

"தெளிஞ்சிருச்சு. வானம் நீலமாத் தெரியுது."

"அப்படியா," என்றார். வேறு ஏதாவது கேட்பார் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மகள் மாத்திரை வேளை என்று கூப்பிடுவது கேட்டது.