பெடல் மிதிக்க ஓர் ஆள்

அந்தக் காரை விக்கப் போறேன்னு எங்க அத்தான், அதான் அக்கா புருஷன், போன்ல சொன்னப்போ, என் காதை நானே நம்பல. முப்பது வருஷமா அந்த வீட்டோட உயிரை வாங்கின கார் அது. ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு, முன்னாடி மட்டும் நீளமா ஒரு மூக்கு. ஒரு காலத்துல பெரிய கோடீஸ்வரங்க மட்டும் ஓட்டின ரகம். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அப்படி ஒரு கோடீஸ்வரர் வீட்டுக்கு லிஃப்ட் ரிப்பேருக்குப் போனப்போ, வெள்ளத்துல முங்கி ஷெட்டுல துருப்பிடிச்சுக் கிடந்ததைப் பார்த்துட்டு வந்து, ஒரு வாரம் தூங்காம, அப்புறம் இழுத்துட்டே வந்துட்டாரு. அன்னையிலிருந்து பகலெல்லாம் அடுத்தவங்களை மேலயும் கீழயும் அனுப்புறது, வீட்டுக்கு வந்தா காருக்கு அடியில படுத்துக்கிறது. இதான் அவர் பொழப்பு.

"திடீர்னு ஏன் விக்கிறீங்க?"ன்னு கேட்டேன்.

"பெடல் மிதிக்க ஆள் இல்ல, சின்னவளே"ன்னாரு.

அக்கா தவறிப் போய் பதினோரு மாசம் ஆகியிருந்துச்சு.

விஷயம் இதுதான். பழைய கார்ல பிரேக் ஆயில் குழாய்க்குள்ள காத்து புகுந்துட்டா, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது. அந்தக் காத்தை எடுக்க ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் உள்ள உக்கார்ந்து பெடலை மிதிச்சுப் பிடிச்சுக்கணும். இன்னொருத்தர் சக்கரத்துக்குப் பக்கத்துல படுத்து, ஒரு சின்னத் திருகைத் தளர்த்தி, காத்து கொப்புளிச்சு வெளிய வந்ததும் மூடணும். மூடின பிறகுதான் காலை எடுக்கலாம். முந்திக்கிட்டு எடுத்தா காத்து திரும்ப உள்ள போயிரும். முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இப்படி நாலு சக்கரத்துக்கும்.

மிதிச்சது எங்க அக்கா. வருஷத்துக்கு நாலு தடவையாவது, அந்த ஷெட்டுல, ஒரு மணி நேரம். "மிதி. பிடி. விடு." இதைத் தவிர அடியில இருந்து வேற ஒரு வார்த்தை வராது. "எனக்கெங்கடி கல்யாணம் ஆச்சு, என் வலது காலுக்குத்தானே ஆச்சு"ன்னு அக்கா எல்லார் முன்னாடியும் சொல்லிச் சிரிப்பா. அத்தானும் சிரிப்பாரு. எனக்கு மட்டும் பத்திக்கிட்டு வரும்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் காரை வாங்க ஆள் வருது. பிரேக் சரியா இருந்தா எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்காரு. சரி பண்ணி வைக்கிறேன்னு அத்தான் வாக்குக் குடுத்துட்டாரு. கார் போயிட்டா அந்த வீட்டைக் காலி பண்ணிட்டு, என் வீட்டுக்குக் கீழ் மாடியில குடிவர்றதா ஏற்பாடு. நான்தான் நச்சரிச்சு ஒத்துக்க வச்சேன். ஒத்தையில கிடக்கிற மனுஷனை எத்தனை நாள் போன்லயே விசாரிக்கிறது? அதனால வியாழக்கிழமையே என் தையல் கடையைச் சாத்திட்டு, அக்கா சாமானை ஒழிக்கலாம்னு கிளம்பிப் போனேன்.

வீடு சுத்தமாத்தான் இருந்துச்சு. ஒரே ஒரு டம்ளர், ஒரே ஒரு தட்டு, கழுவிக் கவுத்தியிருந்தாரு. மத்ததெல்லாம் அலமாரியில அக்கா அடுக்கின மாதிரியே தூசியோட இருந்துச்சு. சமையலறை மேஜையில ரெண்டு நாற்காலி. அதுல ஒண்ணு மேல இன்ஜின் பாகங்களைப் பேப்பர்ல சுத்தி வச்சிருந்தாரு, யாரும் அதுல உக்கார மாட்டாங்கங்கிற மாதிரி.

அத்தான் ஷெட்டுல இருந்தாரு. ஒரு நீளக் கட்டையைப் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவுல முட்டுக் குடுத்துட்டு, ஓடிப்போய் படுத்துத் திருகைத் தளர்த்துவாரு. தளர்த்தினதும் பெடல் உள்ள போகும், கட்டை சரிஞ்சு விழும், காத்து உள்ள போகும். மூணு நாளா இதே கூத்து.

"வந்துட்டியா? கொஞ்சம் உக்காந்து மிதிக்கிறியா?"ன்னு தரையிலிருந்தே கேட்டாரு.

எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்துச்சோ. "நான் ஒண்ணும் அக்கா இல்ல. முப்பது வருஷம் அவளை மிதிக்க வச்சீங்களே, பத்தாதா?"ன்னுட்டேன். அவர் கட்டையை எடுத்துத் திரும்ப முட்டுக் குடுத்தாரு. நான் விறுவிறுன்னு மாடிக்குப் போயிட்டேன்.

அக்காவோட அலமாரி. குளிருக்குப் போத்துற கம்பளியெல்லாம் மேல் தட்டுல. அதை இழுத்தப்போ பின்னாடி இருந்து ஒரு அட்டை டப்பா வந்து விழுந்துச்சு. மேல அத்தான் பேர். ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையோட முத்திரை. சரி, கார் சாமான் ஏதோ மாறி இங்க வந்திருக்குன்னு நினைச்சு, எடுத்துட்டுப் போய் அவர் பக்கத்துல தொப்புன்னு வச்சேன்.

"இந்தாங்க. அக்கா அலமாரியில இருந்துச்சு."

அத்தான் கையைத் துடைச்சுட்டு உக்கார்ந்து பிரிச்சாரு. உள்ள ஒரு ரப்பர் குழாய், முனையில சின்னதா ஒரு வால்வு, ஒரு பாட்டில், படம் போட்ட ஒரு காகிதம். அதுல கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு, "பிரேக் காத்தை ஒருவரே எடுக்கலாம்." எண்ணெயை வெளிய விடுமாம், காத்தைத் திரும்ப விடாதாம். பெடலை நாமே போய் மிதிச்சுக்கலாம்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் பயந்துட்டேன்.

"பணம் கட்டியும் இது வரவே இல்லைன்னு அந்தக் கடைக்காரனுக்கு மூணு கடிதாசி போட்டேன்"ன்னாரு. "திருட்டுப் பயன்னு கூட எழுதினேன். அப்பல்லாம் இது வேற எங்கயும் கிடைக்காது. பத்தொம்பது வருஷமா அந்தக் கடை வாசலை மிதிக்கல. ஒரு நட்டு வாங்கக்கூட ஊரைச் சுத்திட்டு வேற கடைக்குப் போனேன்."

டப்பாவுக்குள்ள பார்சல் வாங்கின ரசீது இருந்துச்சு. பத்தொம்பது வருஷத்துக்கு முந்தின தேதி. கீழ கையெழுத்து அக்காவோடது. கடைசி எழுத்தை அவ எப்பவும் மேல இழுத்து ஒரு வளையம் போடுவா. அந்த வளையமும் இருந்துச்சு.

அக்காவே வாங்கி, அக்காவே ஒளிச்சு வச்சிருக்கா.

வேலை பார்க்கிற ஸ்டூல்ல உக்கார்ந்துட்டேன். இவ்வளவு வருஷம் அவளுக்காகக் கோபப்பட்டுக்கிட்டுத் திரிஞ்ச நான் பைத்தியக்காரி. அவ அங்க விரும்பி உக்கார்ந்திருக்கா. அந்த வீட்டுல இந்த மனுஷன் அவளைக் கூப்பிட்டது அதுக்கு மட்டும்தானே.

அத்தான் ரசீதை டப்பாவுக்குள்ள வச்சாரு. "அவளுக்கு எரிச்சலா இருக்கும்னு நினைச்சேன். அதான் வாயைத் திறக்காம, சீக்கிரம் சீக்கிரம் முடிச்சு அனுப்பிருவேன். இதை வாங்கினதே அவளைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான்."

"சொல்லியிருக்கலாம்ல அவகிட்ட?"

"அவளும் சொல்லியிருக்கலாம்."

குழாயை எடுத்து மெல்ல வளைச்சுப் பார்த்தாரு. காஞ்சுபோன ரப்பர், பட்டுன்னு வெடிச்சு ரெண்டாப் போச்சு. ரெண்டு துண்டையும் பத்திரமா டப்பாவுக்குள்ளயே வச்சாரு.

நான் எழுந்து போய் கார்ல உக்கார்ந்தேன். கால் நேரா பெடல்ல போய் நின்னுச்சு. நானும் அக்காவும் ஒரே உயரம். அத்தான் ஆறடி. "அக்கா போன பிறகும் சீட்டைப் பின்னாடி தள்ளவே இல்லையா?"ன்னு கேட்டேன். "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்றீங்களே, எப்படி உக்காருறீங்க?"

"முட்டி இடிக்கும்"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

"மிதி"ன்னு அடியில இருந்து சத்தம் வந்துச்சு. மிதிச்சேன். "பிடி. கால் வலிக்குதா?" இல்லைன்னேன். "விடு. இப்ப வந்தது நிறைய காத்து. உனக்குச் சத்தம் கேட்டுச்சா?" கேட்டுச்சுன்னேன். ஒரு மணி நேர வேலை மூணு மணி நேரம் ஆச்சு. லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு மணியடிச்சே தூங்கிப்போன ஒரு வக்கீல் கதையைச் சொன்னாரு. அக்காவைப் பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு, செருப்பை மாத்திப் போட்டுட்டுப் போனதைச் சொன்னாரு. இவ்வளவு பேசத் தெரிஞ்ச மனுஷன்னு எனக்குத் தெரியவே தெரியாது. நான் மிதிச்சுக்கிட்டே இருந்தேன். கடைசியில பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு.

சனிக்கிழமை பத்து மணிக்கு அந்த ஆள் வந்தாரு, முப்பது வயசு இருக்கும். கூட அவர் சம்சாரம். அது ஒரு ஓரமா நின்னு போனை நோண்டிக்கிட்டு இருந்துச்சு. அத்தான் ஒரு குறையை விடல. இடது கதவுக்கு அடியில துரு, குளிர்ல ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்கும், கடிகாரம் என்னைக்குமே ஓடினதில்ல. நான் கிள்ளியும் அடங்கல. அவங்க ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துட்டு வந்து, பிரேக் பிரமாதம்னாங்க.

"இதுல காத்து அடிக்கடி புகும். எடுக்க ரெண்டு பேர் வேணும்"ன்னாரு அத்தான்.

"பரவால்ல சார், தனியாவே எடுக்க ஒரு குழாய் விக்குதே. அதை வாங்கிக்கிறேன்."

அத்தான் என்னைப் பார்க்கல. "அது இந்த வண்டிக்கு ஆகாது தம்பி"ன்னாரு. "வீட்டு ஆள்தான் மிதிக்கணும்."

ஓடாத கடிகாரத்தைக்கூட மறைக்காத மனுஷன்.

அப்புறம் அந்தப் பொண்ணு பக்கம் திரும்பினாரு. "கொஞ்சம் சிரமம்தாம்மா. சீட்டு உன் உயரத்துக்குச் சரியா இருக்கும்." புருஷன்கிட்ட, "அவசரப்பட்டு முடிக்காதீங்க தம்பி. பேசிக்கிட்டே செய்யுங்க"ன்னாரு. அந்தப் பொண்ணு போன்ல இருந்து தலையை நிமிர்த்தி, புருஷனைப் பார்த்துச் சிரிச்சுச்சு.

கார் போச்சு. தெரு முனையில பின்னாடி பிரேக் விளக்கு சிவப்பா எரிஞ்சு, கச்சிதமா நின்னு, திரும்பிப் போயிருச்சு. ஷெட்டுல எண்ணெய்க் கறை மட்டும் இருந்துச்சு. அத்தான் கதவைச் சாத்திட்டு உள்ள வந்தாரு. கட்டி வச்சிருந்த மூட்டையில அக்காவோட கம்பளியைத் தேடி எடுத்தாரு. அந்த டப்பாவை அதுக்குள்ள வச்சு, வெளிய தெரியாதபடி மடிச்சு மூடினாரு.

"இதை மட்டும் நான் மடியில வச்சுக்கிறேன்"ன்னாரு. "கிளம்பலாம்."