ஐந்தாவது மாமனார்

என் மகள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் வயசானவர்கள் யாராவது ஏறுவார்கள் என்று நின்றுகொண்டே வருகிற பெண். தடித்த கண்ணாடி, மத்தியானத்துக்குத் தயிர்சாதம். அவளுக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று சொன்னபோது, கூட வேலை பார்க்கும் யாரோ என்றுதான் நினைத்தேன். யார் என்று சொன்னதும் சிரித்துவிட்டேன். விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

அந்தப் பையனை மதுரையில் தெரியாத இளவட்டம் கிடையாது. மெல்லிசைக் குழு வைத்திருந்தான். கழுத்தில் கிடாரை மாட்டிக்கொண்டு, முடியைத் தோளில் புரளவிட்டுப் பாடுவான். அவனைப் பார்த்து முடி வளர்த்த பையன்களை எங்கள் தெரு அப்பன்மார் சலூனுக்கு இழுத்துப்போன கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. கேசட் விஷயமாக மெட்ராசுக்கு டிரங்க் கால் புக் பண்ணுவானாம். லைன் கிடைக்கும்வரை இவளிடம் பேசியிருக்கிறான். அந்தக் காலத்தில் லைன் அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது.

பொங்கல் சமயத்தில் அவனியாபுரத்தில் அவன் கச்சேரி. நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். அவன் ஒரு தடவை தலையைச் சிலுப்பினால் பெண்கள் பக்கம் அலை மாதிரி எழுந்து அடங்குகிறது. நன்றாகத்தான் பாடினான். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. லைன் கிடைக்காத எத்தனை ஊரில் எத்தனை பெண்களிடம் இவன் இப்படிப் பேசிக்கொண்டிருக்கிறானோ?

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். "நீங்க பாட்டுக் கேக்கப் போனீங்களா, பொண்ணுங்களை எண்ணப் போனீங்களா?" என்றாள் மனைவி. ஆனால் அவளுக்கும் அதே பயம்தான். கடைசியில் மகளிடம் நானே சொன்னேன்.

"அவனுக்கு நீ கூட்டத்துல ஒருத்திம்மா."

அதன் பிறகு அவள் சாதம் பரிமாறினாள், சட்டைக்கு இஸ்திரி போட்டாள், பேச்சு மட்டும் இல்லை. நான் வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் உறவிலேயே ஒரு வரனை விசாரிக்க ஆரம்பித்தேன்.

சித்திரையில் பேரையூர்ப் பக்கம் கச்சேரி முடித்துத் திரும்புகையில், விடியும் நேரத்தில் அவர்கள் வேன் கவிழ்ந்தது. மகளுக்குக் காலை டூட்டி. காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தவளுக்கு வந்த போன் கால்களில் பாதி அவனைப் பற்றித்தான். உசிலம்பட்டிக்காரர் ஒருவர் செத்துவிட்டான் என்கிறார். திண்டுக்கல்லில் ஒருவர் கால் போய்விட்டது என்கிறார். இன்னொருவர் ஒன்றுமே இல்லை, சிராய்ப்பு என்கிறார். ஆபரேட்டர் நடுவில் பேசக் கூடாது. ஊரே அவனைப் பற்றி விசாரிக்க, இவள் அந்த விசாரிப்புகளுக்கெல்லாம் லைன் கொடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் வரை அப்படி இருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து, மாதக்கணக்கில் பேசாதவள் என் முன்னால் நின்றாள். "அப்பா, அவரு உசுரோட இருக்காரான்னு மட்டும் பாத்துட்டு வந்துருவோம்."

ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். கேட்டில் ஒரே கூட்டம். உறவுக்காரர்களைத் தவிர யாரையும் விடமாட்டேன் என்று வாட்ச்மேன் மறித்தார். அதுவரை நான் அந்தச் சொல்லை மனதில்கூட நினைத்ததில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நான் அவரோட மாமனார்."

வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலையில இருந்து நாலு மாமனார் வந்துட்டாங்க. நீங்க அஞ்சாவது. முறைப்பொண்ணுக எம்புட்டுன்னு கணக்கே இல்ல. அப்படி ஓரமா நில்லுங்க."

பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். ஒருவன், "மாமா, நான்தான் மச்சினன், என்னையத் தெரியலையா?" என்றான். சர்க்கார் உத்தியோகத்தில் தலை நரைத்தவன் நான். அதுகூடப் பரவாயில்லை. நான் எதற்குப் பயந்தேனோ அதையே முன்பின் தெரியாத ஒருவர் நடுத்தெருவில் சொல்லிவிட்டார். மகளைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்போது உள்ளேயிருந்து ஓர் அம்மாள் காப்பி வாங்கத் தூக்குவாளியோடு வந்தார். அழுது வீங்கிய முகம். பையனின் தாயார். "ஆத்தா, உனக்கு இன்னொரு சம்பந்தி வந்துருக்காரு," என்றார் வாட்ச்மேன்.

அந்த அம்மாள் என்னைக் கவனிக்கவே இல்லை. என் மகளின் கண்ணாடியையும் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன் ஆபீசுப் பிள்ளையா நீ?"

இவள் தலையாட்டினாள்.

"கண்ணு முழிச்சதுல இருந்து உனக்குச் சொல்லி விடச் சொல்லி உசுர வாங்குறான். நான் எங்கிட்டுப் போயி போன் பண்ண? எனக்கு நம்பர் சுத்தத் தெரியுமா?" மகளின் கையைப் பிடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "தோள்பட்டை எலும்பு முறிஞ்சுருக்கு. உசுருக்கு ஒண்ணுமில்ல. உள்ள வாங்க சம்பந்தி."

வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். கேலிக்கு அவர் சொன்ன வார்த்தையை அந்த அம்மாள் அப்படியே எடுத்து எனக்குச் சூட்டிவிட்டார். இல்லை என்று சொல்ல வார்டு வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

கட்டிலில் கிடந்தவனை முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. முடியெல்லாம் சிக்குப்பிடித்து, கட்டுப் போட்டு, காய்ச்சல்காரப் பையன் மாதிரி இருந்தான். மகளைப் பார்த்ததும் அவன் கேட்டது இதுதான்:

"டூட்டிய விட்டுட்டா வந்த?"

"அரை நாள் லீவு."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். கல்யாணமாகி நாளான ஜோடிகூட இன்னும் கொஞ்சம் பேசும். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

"யாரைக் கேட்டு வாக்குக் குடுத்தீங்க?"

"நான் எங்க குடுத்தேன்? அந்தம்மாவா எடுத்துக்கிட்டாங்க."

அவள் அடுப்படிக்குள் போனாள். பாத்திரங்களை உருட்டும் சத்தம் கொஞ்ச நேரம் பலமாகக் கேட்டது. பிறகு உள்ளேயிருந்தே குரல் வந்தது: "மாப்பிள்ளைக்குக் காரம் ஆகுமா ஆகாதா, அதையாவது கேட்டு வந்தீங்களா?"