ஆராய்ச்சிப் படிப்பு நேர்காணலுக்கு ஐந்து எலுமிச்சம்பழங்களோடு

போன மே மாதம் நானும் என் மகன் வழிப் பேத்தி கோமதியும் சங்கரன்கோவிலில் இருந்து சென்னைக்குப் போய் வந்தோம். அவளுக்குக் கம்ப்யூட்டரில் பிஎச்.டி. படிக்க நேர்காணல், துணைக்கு நான். மகனுக்கு உரக்கடையை விட்டு வர முடியாது, மருமகளுக்கு முழங்கால் வலி. பிறகு யார் போவது? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஃபோனில் ஒற்றை விரலால் தட்டித்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளை இப்படிக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு உதவும் என்று கோமதிதான் எழுதச் சொன்னாள். எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினாள். மற்றதில் கை வைக்க நான் விடவில்லை.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் கேட்பது அதைத்தான். இந்தப் படிப்புக்கு நாம் கட்டுவது இருக்கட்டும், அவர்களே மாசாமாசம் உதவித்தொகை தருவார்கள். முப்பத்தேழாயிரம். எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை. "படிக்கிறதுக்கு எவன் ஆச்சி சம்பளம் கொடுப்பான்? யாரோ ஏமாத்துதான்" என்றார்கள். ஆனால் தேர்வானவர்கள் எல்லாருக்கும் அது கிடைக்காது. பணத்தோடு ஒரு பட்டியல், பணம் இல்லாமல் ஒரு பட்டியல் போடுவார்கள். கோமதிக்கு பெங்களூரில் ஒரு கம்பெனி வேலை தயாராக இருந்தது, ஜூன் முதல் திங்கள்கிழமை சேர வேண்டும். "பணப் பட்டியல்ல பேர் வந்தா படி. இல்லைன்னா பெட்டியக் கட்டு, பெங்களூருதான்" என்று மகன் முடிவாகச் சொல்லிவிட்டான். அவன் மேல் தப்பில்லை, கடைக்குட்டி இன்னும் பத்தாவதுதான் படிக்கிறான்.

செங்கோட்டையில் இருந்து சென்னை போகிற ராத்திரி ரயில் எங்கள் ஊருக்குச் சாயங்காலம் ஏழு மணி வாக்கில் வரும். படுக்கை வசதிக்கு ஆளுக்கு நானூறு ரூபாய்க்கு உள்ளேதான். வயசானவர்களுக்குப் பாதி டிக்கெட் மாதிரி ஒரு சலுகை இருந்தது. கொரோனா சமயத்தில் நிறுத்தியதை இன்னும் திருப்பித் தரவில்லை. அது எனக்கு ஆறவே ஆறாது. இரண்டு மாதம் முன்னாலேயே பதிவு செய்யுங்கள், கீழ்ப் படுக்கை வேண்டும் என்று குறிப்பிடுங்கள். ராஜபாளையம் தாண்டுவதற்குள் புளியோதரையை முடித்துவிட்டோம்.

கோமதி ரயிலில் மேல் படுக்கையில் இருந்தபடி பாடம் ஒப்பிக்கிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவளுடைய ஆராய்ச்சி என்ன தெரியுமா? பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஃபோன் போட்டால் மெஷின் பேசுகிறதே, அதற்கு எங்கள் ஊர்க் கிழவிகள் பேச்சு விளங்குவதில்லை. "வாரேன், சொல்லுதேன்" என்றால் "மன்னிக்கவும், மீண்டும் கூறவும்" என்கிறது. அதற்கு விளங்க வைக்கப் போகிறாள். அதற்காகப் பத்துக் கிழவிகள் பேச்சைப் பதிவு செய்திருக்கிறாள். அதில் என்னுடையது மட்டும் முப்பது மணி நேரம். யார் யார் எனக்கு என்னென்ன செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறேன்.

காலையில் தாம்பரத்தில் இறங்கினோம். குரோம்பேட்டையில் என் தம்பி மருமகள் வீடு இருக்கிறது, குளிக்க அங்கே போகலாம் என்றாள் கோமதி. நான் மாட்டேன் என்றேன். இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு மத்தியானம், சரியாக ஒன்றரை மணிக்கு அந்த வீட்டுக்குப் போனோம். "சாப்பிட்டுட்டுத்தானே வந்திருப்பீங்க?" என்று கேட்டாள். அந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன். ஸ்டேஷன் காத்திருப்பு அறையிலேயே குளிக்கலாம், கட்டணம் கொஞ்சம்தான், தண்ணீர் நன்றாக வருகிறது. கல்லூரிக்கு டவுன் பஸ், பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை. எட்டு மணிக்கு உள்ளே போய்விட்டோம்.

இனிமேல்தான் நான் செய்த காரியம். எங்கள் பக்கம் பெரிய மனுசரைப் பார்க்க வெறுங்கையோடு போக மாட்டோம். கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுப்போம். அது மரியாதை, வேறொன்றும் இல்லை. என் அப்பா தாசில்தாருக்குக் கொடுத்திருக்கிறார், அவரும் எழுந்து நின்று வாங்கியிருக்கிறார். கேள்வி கேட்கப் போகிறவர்கள் ஐந்து பேர் என்று கோமதி சொல்லியிருந்தாள், அதனால் புளியங்குடிப் பழமாக ஐந்து வாங்கி, எங்கள் ஊர்க் கோயில் கோமதி அம்பாள் காலடியில் வைத்து எடுத்து, மஞ்சள் பையில் கொண்டுபோயிருந்தேன். கோமதி கழிப்பறைக்குப் போன நேரம், ஒரு பெண் நேர்காணல் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே ஐந்து நாற்காலி, ஐந்து தண்ணீர் பாட்டில். எப்படியும் என்னை உள்ளே விடப் போவதில்லை. அவள் குப்பை கொட்டப் போனதும், ஒவ்வொரு பாட்டில் பக்கத்திலும் ஒரு பழம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன். பழத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. அதை நான் துடைத்திருக்கலாம்.

வெளியே பதினாலு பிள்ளைகள் காத்திருந்தார்கள். எல்லாருக்கும் முகம் வெளிறிப் போயிருந்தது, ஆளுக்கு இரண்டு கைமுறுக்கும் கருப்பட்டி மிட்டாயும் கொடுத்தேன். ஒன்பதரைக்கு ஐந்து பேராசிரியர்களும் உள்ளே போனார்கள். போன வேகத்தில் வெளியே வந்தார்கள். ஒருத்தர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆபீஸ்காரர் ஓடிவந்து, பெருக்கின பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"யாரும்மா இங்க சூனியம் வச்சது? நீதானே ரூமத் தொறந்தே? உன் வேலை போயிரும், தெரியுமா?"

அவள் அழ ஆரம்பித்தாள். நான் எழுந்துவிட்டேன். "அந்தப் புள்ளைய ஏன் ஏசுதீங்க? வச்சது நானு. சூனியம் இல்ல, மரியாதைக்கு வச்சது."

"பாட்டி, நீங்க யார்கூட வந்தீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரச்சொல்லி அனுப்பிய கடிதத்தில், சிபாரிசு எந்த விதத்தில் வந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி என்று போட்டிருந்ததைக் கோமதி எனக்கு வாசித்துக் காட்டியிருந்தாள். சிபாரிசு என்றால் எம்.எல்.ஏ. லெட்டர் என்று நினைத்திருந்தேன். எலுமிச்சம்பழம் அதில் சேரும் என்று யார் கண்டது? ஐம்பது வருசத்துக்கு முன்னால் யார் என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்றுகூடச் சொல்லுவேன். அந்த நிமிசத்தில், "பேத்திதான். பேரு மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் இருந்த கோமதி எழுந்தாள். "என்கூடத்தான் சார் வந்தாங்க. என் ஆச்சி."

"ஏட்டி, சும்மா இருட்டி!"

"நீ இரு ஆச்சி."

தலைமைப் பேராசிரியர் வயசானவர், வழுக்கை. என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மற்றப் பிள்ளைகளிடம், "இந்தப் பொண்ணையும் நாங்க நேர்காணல் பண்ணலாமா? உங்களுக்கு ஆட்சேபனை உண்டா?" என்று கேட்டார். கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி, "இல்லைங்க சார், பாட்டி எங்களுக்கும் முறுக்குக் குடுத்தாங்க" என்றாள். சிரிப்பு கிளம்பியது. நீலச் சட்டைக்காரன் ஒருத்தன் மட்டும், "ரூல்னா ரூல்தான சார்" என்றான். என் முறுக்கைத் தின்ற வாய் அது. முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பேசினார்கள். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கடைசியில் கதவு திறந்து முதல் பெயரைக் கூப்பிட்டார்கள். கோமதியின் முறை வந்தபோது அவளையும் கூப்பிட்டார்கள்.

உள்ளே நடந்ததை அவள் பஸ்ஸில் சொன்னாள். முதல் கேள்வியே அதுதான்: "எலுமிச்சம்பழத்தை நீ நம்புறியா?" இவள் சொன்னாளாம், "ஆச்சி நம்புதாங்க சார். அவங்க நம்புறத மாத்துறதுக்கு எனக்கு நேரம் இல்ல. அவங்க பேசுறதப் பதிவு பண்ணத்தான் நேரம் இருந்துச்சு." பிறகு முக்கால் மணி நேரம் கம்ப்யூட்டர் கேள்வி. இரண்டுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டாளாம். ஒருத்தர் மட்டும், "கல்யாணம் ஆனா பாதியில விட்டுருவியா?" என்று கேட்டிருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியும். இங்கே போடக் கூடாது என்கிறாள்.

அன்று ராத்திரி ரயிலிலேயே திரும்பினோம். பட்டியலுக்காக இரண்டு வாரம் காத்திருந்தோம். ஜூன் முதல் திங்களுக்கு முந்திய சனிக்கிழமை, பெங்களூர்ப் பெட்டி வாசலில் கட்டி வைத்திருந்தபோது பட்டியல் வந்தது. பணத்தோடு ஆறு பேர், கோமதி நாலாவது. மகன் கடையில் இருந்து வந்து, பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான். அஞ்சாவது பெயர் அந்த நீலச் சட்டையாம்.

போகிறவர்களுக்குச் சில விசயம். ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியருக்கு மாதக் கணக்கில் முன்னாலேயே மெயில் போட வேண்டும். கல்யாணப் பத்திரிகை மாதிரி எல்லாருக்கும் ஒரே மெயில் அனுப்பாதீர்கள். கோமதி முதலில் அப்படித்தான் அனுப்பினாள், ஒருத்தரும் பதில் போடவில்லை. அப்புறம் ஒரு மேடம் எழுதின கட்டுரைகளை உட்கார்ந்து படித்து, அதை வைத்துத் தான் செய்ய நினைக்கிற வேலையை எழுதினாள், மூன்றாம் நாள் பதில் வந்தது. உதவித்தொகை எத்தனை வருசம், ஹாஸ்டல் பணம் அதில் பிடிப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். மரியாதையை வாயால் செலுத்துங்கள், போதும்.

படிப்பு முடிய ஐந்து வருசம் ஆகுமாம். எனக்கு இப்போது எழுபத்து மூன்று. தினமும் அம்பாளிடம் வேண்டுகிறேன், எனக்கு மட்டும் இல்லை, எனக்கு ஆகாத நாலைந்து பேருக்கும் சேர்த்துத்தான். அதுவரைக்கும் எல்லாரும் நல்ல கண்பார்வையோடு இருக்க வேண்டும். என் பேத்தி பட்டம் வாங்குவதை அவர்கள் பார்க்க வேண்டாமா?